மாப்பிள்ளை பல்லில் உடைந்த ஊசி

அனுப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. அருப்புக்கோட்டையில் சித்தி வீட்டுப் பால்காய்ப்புக்குக் கூட்டிவந்த பசு, புது டைல்ஸில் கால் வைத்ததும் வழுக்கி, ஹால் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றது. ஹோமத்துக்கு எதிரே சம்மணமிட்டிருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்திதான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். அம்மா ஆவுடைத்தாய் பின்னாலேயே ஓடிப்போய்க் கையில் கிள்ளினாள். "ஒரு டாக்டரு மாதிரியாடி இருக்க?" என்பது ஆவுடைத்தாயின் தீராத கவலை.

டாக்டர்தான். பல் டாக்டர். விருதுநகர் பஜாரை ஒட்டிய சந்தில், கீழே பருப்பு மொத்தக்கடை, மேலே அவளுடைய கிளினிக். அப்பா சங்கரபாண்டியனுக்கு அதே சந்தின் கோடியில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. மண்டிக்கு வத்தல் லாரி வந்து மூடையை இறக்கத் தொடங்கினால் சந்து முழுக்கத் தும்மும். கிளினிக்கில் உதவிக்கு இருந்த பஞ்சம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "லோடு வருது டாக்டரம்மா!" என்று குரல் கொடுப்பாள். உடனே அனுப்பிரியா நோயாளியின் வாயிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவாள். நோயாளி தும்முவார், பஞ்சம்மாள் தும்முவாள், அனுப்பிரியா தும்முவாள், வெளியே பெஞ்சில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, "ம், ஆ காட்டுங்க" என்று வேலை மறுபடி தொடங்கும்.

பல் பிடுங்குவது, அடைப்பது, கம்பி கட்டுவது எல்லாம் செய்வாள். ஆனால் அவளுக்கு உயிர், வேர் சிகிச்சைதான். ரூட் கெனால் என்றதும் ஊரே நடுங்கும். இவளுக்கு மட்டும் அன்று காலையிலிருந்தே பாட்டு முணுமுணுப்பு தொடங்கிவிடும். வேருக்குள் மயிரிழை போல ஓடுகிற குழாயை, மோட்டாரில் சுழலும் மெல்லிய ஃபைலால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நிக்கல் டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த முறுக்கு ஊசி அது. வேர் வளைந்த இடத்தில் தானும் வளைந்து, வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனையோ வருடமாகப் பார்த்தும், அனுப்பிரியாவுக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

பஞ்சம்மாளுக்கு அது வெறும் ஊசி. வேலை முடிந்த ஊசிகளைத் தேய்த்துக் கழுவி, பையிலிட்டு ஒட்டி, ஆட்டோக்ளேவில் ஆவிக்கு வைப்பது அவள் பொறுப்பு. அந்தக் கருவிக்கு அவள் வைத்த பெயர் குக்கர். வெந்து வந்த ஊசியை அனுப்பிரியா பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முறுக்கு பிரியவில்லை, வளைவு விழவில்லை என்றால் அடுத்த பல்லுக்குப் போகும். ஒரு தடவையோடு தூக்கிப்போடச் சொல்லிச் சில கம்பெனிக்காரர்கள் அச்சடித்துத்தான் தருகிறார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்த டாக்டர்கள் பலரும் சில தடவை ஓட்டிய பிறகுதான் தூக்கிப்போடுவார்கள். அவளும் அப்படித்தான்.

இந்த நேரத்தில்தான் சிவகாசியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ் குடும்பம். அப்பா காலமாகிவிட்டார், இன்ஜினியரிங் முடித்துவிட்டு அம்மா யோகலட்சுமியோடு சேர்ந்து பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேன் நிறைய உறவினர்களோடு பெண் பார்க்க வந்து இறங்கினார்கள்.

அனுப்பிரியா காபித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று ஆவுடைத்தாய் சொல்லியிருந்தாள். நிமிர்ந்துதான் பார்த்தாள். மாப்பிள்ளை வாழைக்காய் பஜ்ஜியை இடது கடைவாயில் ஒதுக்கி, ஏதோ தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் நடப்பவன் போல மென்றுகொண்டிருந்தான். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவன் தொடவே இல்லை. வலது தாடை லேசாகப் புடைத்திருந்தது.

"எந்தப் பல்லு?" என்றாள் அனுப்பிரியா.

பெண் பேசிய முதல் வார்த்தை அது. ஹாலில் கேசரி தின்றுகொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

ஸ்ரீராம்குமார் திருட்டு முழி முழித்தான். "கீழ... வலது பக்கம். கடைசிக்கு முந்துனது."

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு தீபாவளியா."

அனுப்பிரியா தட்டைக் கீழே வைத்துவிட்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் குனிந்தாள். "ஆ காட்டுங்க."

"ஏ தாயி!" என்று சங்கரபாண்டியன் தலையில் கை வைத்தார். "மாப்பிள்ளையப் பாக்கச் சொன்னா பல்லையா பாக்க?"

ஆனால் யோகலட்சுமி எழுந்து வந்து மகனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "நல்லாப் பாரு தாயி. டாக்டருகிட்டப் போடான்னா காலண்டர் சீசன் முடியட்டும்பான். அது முடிஞ்சா டைரி சீசன்ம்பான். மிசினு கட்டரு எல்லாத்துலயும் கைய விடுவான், பல்டாக்டருன்னா மட்டும் காச்சல் வந்துரும்."

பூ, பழத் தட்டுகளோடு மொத்தக் கூட்டமும் கிளினிக்குக்குக் கிளம்பியது. பட்டுச்சேலைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு அனுப்பிரியா மரத்துப்போகும் ஊசி போட்டாள். உறவினர்கள் பெஞ்சு கொள்ளாமல் மாடிப்படி வரைக்கும் உட்கார்ந்து மீதிக் கேசரியைத் தின்றார்கள். பல்லைத் திறந்து அழுத்தத்தை இறக்கி மருந்து வைத்ததும், ஸ்ரீராம்குமாரின் முகம் சுருக்கம் நீங்கி விரிந்தது. வலியில்லாத உலகத்தை ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அவளுக்கு வழக்கம்போலச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் அவன் தனியாக வந்தான், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. பல்லைச் சுற்றி நீல ரப்பர் விரித்துக் கட்டி, அனுப்பிரியா மோட்டாரை எடுத்தாள். பாட்டு முணுமுணுப்பு. ஃபைல் இறங்கியது, ஏறியது. முதல் குழாய் சுத்தம். இரண்டாவது குழாய் அடியில் கொக்கி போல வளைந்திருந்தது. இறங்கியது, ஏறியது, இறங்கியது.

டிக்.

பல்லி குரல் கொடுத்த மாதிரி அவ்வளவு சின்னச் சத்தம். வெளியே வந்த ஃபைலின் நுனி குட்டையாக இருந்தது. பாட்டு நின்றுவிட்டது. பஞ்சம்மாள் உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி சிலையாகிவிட்டாள். அனுப்பிரியா எக்ஸ்ரே எடுத்தாள். வேரின் வளைவில், எள்ளைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு துண்டு பளிச்சென்று மாட்டிக்கொண்டிருந்தது.

நேற்று மாலைதான் பூதக்கண்ணாடியில் அந்த ஃபைலைப் பார்த்தாள். முறுக்கு பிரியவில்லை. வளைவில்லை. சில பற்களைப் பார்த்திருந்தது, குக்கருக்குள் சில தடவை போய் வந்திருந்தது, அவ்வளவுதான். ஊரில் இத்தனை பல் இருக்க, இந்தப் பல்லிலா உடைய வேண்டும்?

ஸ்ரீராம்குமாருக்கு வாய் ரப்பருக்குள். புருவத்தை ஏற்றி, கையைத் திருப்பி, 'என்ன?' என்று கேட்டான்.

அவள் எக்ஸ்ரேயை அவன் முன்னால் பிடித்தாள். "நா ஓட்டுன ஃபைலு உள்ள ஒடஞ்சிருச்சு. இந்தா, இந்த வெள்ளை. இப்ப பக்கத்துல சந்து கெடைக்குதான்னு கையால பாக்குறேன். கெடைச்சா துண்டு அங்கனயே இருந்துட்டுப் போகட்டும், மிச்சத்தைச் சுத்தம் பண்ணி அடைச்சிரலாம். கெடைக்கலன்னா மதுரையில மைக்ராஸ்கோப் வச்சு எடுக்குறவங்ககிட்ட நானே கூட்டிப் போறேன். ஒடஞ்சது என் கையிலதான்."

அவன் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைப் புள்ளியையே பார்த்தான். பிறகு கட்டைவிரலை உயர்த்தினான்.

மோட்டாரை ஒதுக்கிவிட்டு, மிகச் சின்னக் கைஃபைலை எடுத்து, துண்டுக்கும் வேரின் சுவருக்கும் நடுவே அவள் வழி தேடினாள். கீழே லாரி ஹாரன் கேட்டது. பஞ்சம்மாள் ஜன்னலுக்கு ஓடி, "ஏலே, மூடைய இப்ப எறக்காதீகடா! உள்ள மாப்பிள்ளைக்கு உயிர் போய்க்கிட்டு இருக்கு!" என்று கத்தினாள். சந்தே அமைதியானது. அந்த அமைதியில், கைஃபைல் துண்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு அடிவரைக்கும் இறங்கியது. அனுப்பிரியாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

குழாய்களை அடைத்து முடித்து ரப்பரை எடுத்ததும் ஸ்ரீராம்குமார் பேசிய முதல் பேச்சு: "அப்ப உங்க சாமான் ஒண்ணு இனிமே என்கிட்ட இருக்கு. திருப்பிக் கேக்கக் கூடாது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பஞ்சம்மாள் கீழே போய், உயிர் போகவில்லை, மூடையை இறக்கலாம் என்று அறிவித்தாள். எல்லோரும் தும்மினார்கள்.

ஆனால் சிவகாசியில் மாப்பிள்ளையின் அத்தைமார் சும்மா இல்லை. பரிசம் போடுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை வாயில் இரும்பு உடைந்துவிட்டது, இதென்ன சகுனம் என்று பேச்சு கிளம்பியது. போன் வரவில்லை. ஆவுடைத்தாய் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். அனுப்பிரியா பாட்டு முணுமுணுப்பதை விட்டுவிட்டாள். அந்த வாரம் வந்த நோயாளிகள், டாக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று பஞ்சம்மாளிடம் விசாரித்தார்கள். ஒவ்வொரு ஃபைலையும் வெளிச்சத்தில் பிடித்து, நீ உடைவாயா, நீயா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் யோகலட்சுமியே கூப்பிட்டாள். ஆவுடைத்தாய் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, எம்மகன் நேத்து முறுக்கு தின்னான்."

"என்னது?"

"முறுக்கு மதினி! வலது பக்கமா! கடக்கு முடக்குன்னு! ரெண்டு வருசமா இட்லியப் பால்ல ஊறப்போட்டுத் தின்ன பய. அவுக அத்தமார் நாலு பேரையும் எதுக்க உக்கார வச்சு, ஒரு தட்டு முறுக்கையும் தின்னு காட்டிட்டான். ஒருத்தியும் வாயத் தெறக்கல. எப்பப் பரிசம் போட வரட்டும்?"

பின்னால் ஸ்ரீராம்குமாரின் குரல் கேட்டது: "அம்மா, அவுககிட்ட ஒண்ணு கேக்கணும், குடுங்க. ஏங்க... ஹலோ... அது ஏன் ஒடஞ்சுச்சு?"

அனுப்பிரியா யோசித்தாள். களைத்துப்போய் உடைந்திருக்கலாம். ஆவியில் வெந்து வெந்து பலம் குறைந்திருக்கலாம். வேரின் வளைவே காரணமாக இருக்கலாம். படித்ததில் ஒருவர் ஒன்று சொன்னால் இன்னொருவர் அதற்கு எதிராகச் சொல்கிறார். "தெரியலங்க," என்றாள்.

"எங்க மிசின்லயும் ஸ்பிரிங்கு இப்படித்தான், பாத்தா புதுசு மாதிரி இருக்கும், படக்குன்னு போயிரும். எனக்கும் ஏன்னு தெரியாது. ஒடச்சுப் பாப்பமா?"

பரிசம் முடிந்த மறு ஞாயிறு, லீவு விட்ட பிரஸ்ஸில் அவர்கள் உடைக்கத் தொடங்கினார்கள். ஸ்ரீராம்குமார் பட்டறையில் சொல்லி, ஒரு எஃகுக் கட்டையில் வளைந்த வேர் மாதிரியே சன்னமான பள்ளம் வெட்டி வாங்கியிருந்தான். அதன்மேல் கண்ணாடி மூடி. பழைய தாங்கி ஒன்றில் அவளுடைய மோட்டாரைக் கட்டி, ஃபைலைப் பள்ளத்துக்குள் இறக்கிச் சுழல விட்டால், டிக் என்கிற வரைக்கும் ஓடும். எவ்வளவு நேரம் என்று போனில் படம் பிடிக்கலாம். அனுப்பிரியா மூன்று வகை கொண்டுவந்தாள்: பெட்டி பிரிக்காத புதுசு, பல்லைப் பார்க்காமல் குக்கரில் மட்டும் திரும்பத் திரும்ப வெந்தவை, பல்லிலும் ஓடி, குக்கரிலும் வெந்து, வேலையை விட்டு நிறுத்தப்பட்டவை.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தனியாக விட முடியாதே. அதனால் இரண்டு வீட்டாரும் காவலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பேப்பர்க் கட்டை இழுத்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். தன் மண்டி மிளகாய் ரகங்களை வைத்தே, புதுசுக்கு முண்டு வத்தல் என்றும் பழசுக்குச் சம்பா வத்தல் என்றும் சங்கரபாண்டியன் பெயர் வைத்தார். குக்கரில் மட்டும் வெந்த ரகத்துக்குப் பஞ்சம்மாள் தன் பெயரையே கொடுத்தாள்.

முதல் ஃபைல் சுழல ஆரம்பித்ததும் ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆத்தா மாரியாத்தா, எம்மக ஊசி ஒடையாமப் பாத்துக்க."

"மதினி, ஒடையணும்! அதுக்குத்தான வந்திருக்கோம்!" என்றாள் யோகலட்சுமி.

"அதுக்காக நம்ம பிள்ள ஊசி ஒடையணும்னா வேண்டச் சொல்லுதீக?"

டிக். "ஏய்!" என்று பிரஸ்ஸே அதிர்ந்தது. சங்கரபாண்டியன் விரலை மடித்து வாயில் வைத்து விசிலடித்தார். தன் அப்பாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் அனுப்பிரியாவுக்குத் தெரிந்தது.

முண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரம் ஓடி உடைந்தன. பஞ்சம்மாள் ரகமும் அவற்றுக்குச் சளைக்கவில்லை. ஒன்றிரண்டு கொஞ்சம் கூடவே ஓடின. "எங்குக்கர் மேல பழி போட்டீகளே!" என்று பஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மிசினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

பிறகு சம்பா. முதலாவது ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. புதுசை எல்லாம் தோற்கடித்துவிட்டது. யோகலட்சுமி எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து, குடித்து முடித்தும் அது உடையவில்லை. உடைந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த சம்பாவை இறக்கி மோட்டாரைத் தொட்டதும், டிக். இன்னும் யாரும் உட்காரவே இல்லை. அடுத்தது நடுத்தரம். அதற்கடுத்தது மறுபடி உடனே.

கூட்டம் கத்திக்கொண்டிருக்க, அனுப்பிரியா மட்டும் கீழே குனிந்து இரண்டு துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அதிக நேரம் ஓடிய ஒன்றும், தொட்டதுமே உடைந்த ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உடைந்த இடத்தைத் தவிர, இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின.

"பாத்தாத் தெரியாது," என்றாள் மெதுவாக. ஸ்ரீராம்குமார் குனிந்தான். "பழசு எல்லாமே மோசமில்லங்க. சிலது புதுசவிட ஓடுது. ஆனா எது ஓடும், எது போகும்னு என் கண்ணுக்குத் தெரியாது. இத்தன நாளா தெரியும்னு நெனச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்திருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடியோடு ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பெரிய நகை மதிப்பீட்டாளர் போலத் தான் நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. எஃகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சேர்ந்துகொண்டான். காரணம் தெரியாமலேயே மற்றவர்களும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் பஞ்சம்மாளைக் கூப்பிட்டாள். கடைவாய்ப் பல்லின் வளைந்த வேருக்கு இனிமேல் புதுசு மட்டும்தான். நேர் வேருக்கு, கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், ஒரு மறுபயன்பாடு போதும். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னாலேயே, ஃபைல் உள்ளே உடையவும் கூடும், உடைந்தால் இன்னின்ன செய்வேன் என்று நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். பஞ்சம்மாள், வேலை குறைந்த குக்கரை வருத்தத்தோடு பார்த்தாள். "அது ஒரு தப்பும் பண்ணலயே டாக்டரம்மா."

"பண்ணல பஞ்சக்கா. மத்த சாமானெல்லாம் இருக்குல்ல, அதுல வேகட்டும்."

உடையும் என்று முன்கூட்டியே சொன்னதில் சில பேர் எழுந்து ஓடத்தான் செய்தார்கள். சில பேர் கீழே பருப்புக்கடை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தை பிறந்ததும் கல்யாணம். பத்திரிகையைச் சொந்தப் பிரஸ்ஸில் அடித்ததால் ஸ்ரீராம்குமார் ஏழு வண்ணம் போட்டு, தங்க முலாமும் பூசிவிட்டான். அதை மடிக்க முடியாமல் போய் எல்லோருக்கும் காலண்டர் மாதிரி சுருட்டிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு, மதுரையில் பல் டாக்டர்கள் கூடுகிற கூட்டத்தில் பேச அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மேடை ஏறினாள். தெரிந்ததைச் சொன்னாள், பிரஸ்ஸில் வைத்து உடைத்த கொஞ்சம் ஃபைல்தான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபித்ததாகச் சொல்லவில்லை என்றும் சொன்னாள். பிறகு ஓடிய படம் ஒன்றைத் திரையில் போட்டாள். ஃபைல் சுழன்றது. அரங்கம் அமைதியாகப் பார்த்தது. சத்தத்தைக் குறைக்க அவள் மறந்திருந்தாள்.

டிக். "ஏஏஏய்!" என்று அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் இரண்டு குடும்பம் ஆர்ப்பரித்தது. அதற்கு மேல் சங்கரபாண்டியனின் விசில். அதற்கும் மேல், "ஆத்தா, நம்ம ஊசி போச்சே!" என்று ஆவுடைத்தாயின் குரல்.

முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்வரிசையில் யாரோ நாற்காலியிலிருந்து நழுவினார்கள். அனுப்பிரியா மேடையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு எங்கே உடைந்தது தெரியுமா, எனக்கு எங்கே தெரியுமா என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள், ஏதோ ஊர்த் திருவிழாவில் தொலைந்த செருப்பைப் பற்றிப் பேசுவது போல. இவ்வளவு நாளும் இதை யாரும் யாரிடமும் பேசியதில்லை.

சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினார்கள். விருதுநகரில் இறங்கிச் சிவகாசிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்று ஸ்ரீராம்குமார் ஒவ்வொருவராக நடித்துக் காட்டிக்கொண்டு வந்தான். எதிர் சீட்டில் இருந்த வத்தல் வியாபாரி ஒருவர் கதை தெரியாமலேயே ரசித்துக்கொண்டிருந்தார். விருதுநகர் ஜங்ஷன் வந்தது, வண்டி நின்றது, பாதிப் பேர் இறங்கினார்கள், வண்டி கிளம்பியது. அவன் நடிப்பு அப்போதுதான் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிய இடத்துக்கு வந்திருந்தது.

இறங்கியபோது பலகையில் சாத்தூர் என்று எழுதியிருந்தது.

இரண்டு பேரும் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பிப் போகிற வண்டிக்கு நேரம் இருந்தது. அவன் ஓடிப்போய்ச் சூடாகக் காராச்சேவு வாங்கி வந்தான். பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அனுப்பிரியா மாமியாருக்குப் போன் போட்டாள்.

"எங்கன தாயி இருக்கீக? சாப்பாடு ஆறுது."

"அத்தை, நாங்க..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. போனை அவனிடம் நீட்டினாள். அவனாலும் சொல்ல முடியவில்லை. சாத்தூர் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் போனை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு, சிவகாசியில் யோகலட்சுமியும் சிரிக்கத் தொடங்கினாள்.